சொட்டும் சங்கிலி

எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவளுக்கு அது வேண்டியதுதான். அட்டையில் அடுக்கி வரும் முட்டைகளில் எது கெட்டது என்று ஓட்டை உடைக்காமலே சொல்லிவிடுவேன். வீட்டில் மட்டும் இந்த மூக்குக்கு நல்ல பெயர் கிடையாது. என் வீட்டுக்காரர் மோகன்குமார் லாரி ஓட்டுகிறவர். வடக்கே போய்விட்டு வந்தால், குழாயடியில் குளித்து முடிக்கிற வரை அவரை வாசற்படி தாண்ட விடமாட்டேன்.

அன்றைக்கும் குளித்துவிட்டுத்தான் வந்தார். நாற்றம் அவர் மேல் இல்லை. கையில் தூக்கி வந்த சாக்குப்பையில் இருந்தது.

"இன்னாங்க அது, செத்த எலியா?"

"உனுக்கு எல்லாமே எலிதான். பனிச்சங்கிலி. மலைல வழுக்காம இருக்க டயருக்கு சுத்துவாங்களே, அது. நம்ம ஆம்னி வேனுக்கு வாங்கியாந்தேன்."

"நம்ம ஊர்ல எங்க பனி கொட்டிக் கெடக்குது?"

"சேறு கெடக்குதே. அது போதாதா?"

அவர் சொன்னதும் சரிதான். எங்கள் வீடு சாலவாக்கத்தை விட்டு உள்ளே தள்ளி, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தார் ரோட்டைப் பிடிக்க ஏரிக்கரை மேல் ஒரே ஒரு வண்டிப்பாதைதான். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அது பாதையே இல்லை, பிசைந்து போட்ட களிமண். 108 ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் தார் ரோட்டு வரை வந்து நிற்பார்கள். அதற்கு இந்தப் பக்கம் நம் பாடு.

என் தங்கை இளமதி பிரசவத்துக்கு என்னிடம் வந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் போய்விட்டதால் அவளுக்குத் தாய்வீடு நான்தான். அவள் புருஷன் வசந்த்குமாருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, லீவு கிடைக்கிறபோது வந்து பார்த்துவிட்டுப் போவார். இதற்கு முன் தங்கிய இரண்டும் கலைந்து போயிருந்தன. இந்தப் பிள்ளையோ வயிற்றில் குறுக்கே கிடந்தது. வலி கண்டால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் தாயும் தங்கமாட்டாள் பிள்ளையும் தங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கார்த்திகை பிறந்ததும் முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று பேச்சு. ஆனாலும் படுத்தால் எனக்கு அந்த ஏரிக்கரைதான் கண்ணில் நிற்கும். இந்த மனுஷன் அதை யோசித்துச் சங்கிலி வாங்கி வந்திருக்கிறாரே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாங்கிய கதையைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். மலை ஏறுவதற்கு முன் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டுச் சங்கிலி விற்பார்களாம். எல்லாம் லாரிக்கும் ஜீப்புக்கும் ஆனது. சங்கிலி டயரின் அளவுக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் தொளதொளவென்று அடித்து பிரேக் பைப்பை அறுத்துவிடும், சிறிதாக இருந்தால் கொக்கி எட்டாது. அதற்குத்தான் அவர் வீடியோ கால் போட்டு, ஆம்னி டயரின் பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணை என்னைப் படிக்கச் சொன்னது. அந்தச் சின்ன டயருக்கு எந்தக் கொட்டகையிலும் இல்லை. கடைசிக் கொட்டகையின் பின்புறம் மட்டும், பனிக்குள் பாதி புதைந்து ஒரு ஜோடி பழைய சங்கிலி கிடந்திருக்கிறது.

"அந்தாளு அத்த கையால தொடல. கம்பிய விட்டுத் தூக்கிக் குடுத்தாரு. குளுருக்கு கை வெறச்சிப் போயிருக்கும் போல."

"இன்னா சொல்லிக் குடுத்தாரு?"

"எனுக்குப் புரிஞ்ச இந்தில, இத்தப் போட்ட வண்டி எதுக்கும் நிக்காதுன்னாரு. நமக்கு அதான வோணும்?"

சாக்கை வண்டிக் கொட்டகை உத்தரத்தில் மாட்டினார். அது சொட்டியது. பனிக்கட்டி ஒட்டியிருக்கும், உருகுகிறது என்றார். சரி, ஒரு நாள் உருகலாம். மறுநாளும் சொட்டியது. ஆட்டுத்தோல் காய்கிற வெயில் அடித்துக்கொண்டிருந்தது, சாக்கின் அடியில் மட்டும் ஈரம். எங்கள் நாய் கறுப்பி கீழே படுத்துக்கொண்டு, சொட்டு விழ விழ நக்கிக்கொண்டிருந்தது. நான் வைத்த சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரட்டினால் போகும். அடுப்படிக்குள் நான் திரும்பியதும் மறுபடி வந்து நக்கும். அந்த நாக்குச் சத்தம் அடுப்படி வரை கேட்டது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் இறக்கிக் கழுவினேன். ஏணியைப் படுக்க வைத்த மாதிரி, இரண்டு நீளச் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குச் சங்கிலிகள். ஒவ்வொரு கண்ணியின் இடுக்கிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. கிரீஸ் என்று நினைத்து விரலால் வழித்தேன். கிரீஸ் இப்படி இருக்காது. ஆறிப்போன கறிக்குழம்பின் மேல் படிகிற கொழுப்பு மாதிரி விரலில் ஒட்டியது. வெந்நீர் ஊற்றினேன், சோடா போட்டேன், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். உருகி ஓடும், திரும்பப் பார்த்தால் இடுக்கில் இருக்கும். கொழுப்போடு சுற்றிக்கொண்டு சிவப்புக் கம்பளி நூல். இழுக்க இழுக்க வந்தது. நூலில் சின்னதாக வெள்ளையாக ஒன்று சிக்கியிருந்தது. கல் என்றுதான் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் குழி. உதறிவிட்டேன்.

கறுப்பி அதைக் கவ்விக்கொண்டு போய் நறுக்கென்று கடித்தது.

பல். பிள்ளைகளுக்கு முதலில் விழுமே, அந்தப் பல்.

அவரிடம் சொன்னேன். ஏதாவது ஆட்டுப்பல்லாக இருக்கும், மலையில் ஆடுகள் ரோட்டில்தான் திரியும் என்றார். நானும் அதை நம்பத்தான் பார்த்தேன். ஆனால் சோப்புப் போட்டுக் கழுவக் கழுவ என் விரலில் இருந்த வாடை போகவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் முட்டை உரிக்க வேறு ஆளைக் கூப்பிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு மண்வெட்டியிலிருந்து தையல் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. புதிதாக வந்த இரும்பை விட்டுவிட முடியுமா? சங்கிலியைச் சுருட்டிப் பலகை மேல் வைத்து, சந்தனம் தெளித்து, குங்குமம் இட்டார். படைக்க இடம் போதவில்லை. பொரித் தட்டைத் தூக்கி அந்தச் சுருளின் மேலேயே வைத்துவிட்டார்.

"அதும்மேல ஏங்க வெக்கறீங்க? எனுக்கு கொமட்டிக்கினு வருது."

"சாமி காரியத்துல மூஞ்சச் சுளிக்காத."

கற்பூரம் காட்டிப் பொரியைப் பகிர்ந்தார். நான் தொடவில்லை. அவர் ஒரு வாய் போட்டுத் துப்பிவிட்டார், நமுத்துப்போச்சு என்று. சற்று முன்தான் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிய பொரி அது. இளமதி மட்டும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றாள். பாவம், வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடந்தவள் என்று விட்டுவிட்டேன்.

"ஜில்லுனு கீதுக்கா," என்றாள். உதட்டோரம் ஈரம் மின்னியது.

பிறகு மழை பிடித்தது. விடாத மழை. சங்கிலி கொட்டகையில் சொட்டியது, வெளியே வானம் கொட்டியது, எதன் ஈரம் எது என்று தெரியாமல் போயிற்று. நாற்றம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

நாங்கள் குறித்த நாளுக்கு முன்பே, ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த இளமதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். 108க்குப் போன் செய்தோம். தார் ரோட்டில் வந்து நிற்கிறோம், கொண்டுவந்து சேருங்கள் என்றார்கள். என் வீட்டுக்காரர் அடுத்த தெரு டிராக்டர் மெக்கானிக் வேதகிரி அண்ணனைக் கூட்டிவந்தார். அண்ணன் சங்கிலியைப் பார்த்ததும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார்.

"மோகனு, இன்னாடா இது, பொணத்து மேல இருந்து உருவியாந்தியா?"

"பேசிக்கினு நிக்காத அண்ணே. மாட்டு."

"முன்னால மாட்டலாமா?"

"ஆம்னிக்குப் பின் சக்கரம்தான் இழுக்கும். பின்னாலதான்."

சங்கிலியைத் தரையில் நீளமாக விரித்து, சக்கரத்தை அதன் மேல் ஏற்றி, இரண்டு முனையையும் தூக்கிச் சுற்றினார்கள். முதலில் உள்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கம். கொக்கியின் வாய் டயரைக் குத்தாமல் வெளியே பார்க்க வேண்டும். இப்படியே இன்னொரு சக்கரத்துக்கும். டயருக்கென்றே செய்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்று மலையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கிய சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், பழம் உடையாமல் அப்படியே சேற்றில் கிடந்தது.

அவர் ஓட்டினார், பக்கத்தில் வேதகிரி அண்ணன். பின்னால் இளமதியின் தலை என் மடியில். ஏரிக்கரையில் ஏறியதும் சங்கிலி சேற்றைக் கடித்துக்கொண்டு போயிற்று. போன வருஷம் டிராக்டரே புதைந்த இடத்தை அலட்சியமாகத் தாண்டியது. வாய்விட்டுச் சொன்னேன், நல்ல வேலை செய்தீர்கள் என்று. கல்யாணமான நாளாக அவரை நான் அப்படிப் பாராட்டியதில்லை.

சலக். சலக். சலக்.

"தொளதொளங்குது. நிறுத்து, இறுக்கிடலாம்," என்றார் அண்ணன்.

இறங்கிப் போய் இறுக்கினார். ஜன்னல் வழியே பார்த்தேன். டயருக்கும் சங்கிலிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடம் விட்டிருந்தது, இடையில் இருந்து எதுவோ நழுவிப் போய்விட்ட மாதிரி. அந்த இடத்திலிருந்து அண்ணன் எதையோ உருவினார். சிவப்புக் கம்பளி நூல். ஈரமாக, கொழகொழவென்று, இழுக்க இழுக்க வந்தது. லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார்.

மறுபடி சலக், சலக்.

மறுபடி இறங்கினார். இந்தமுறை உள்பக்கக் கொக்கிக்காகச் சக்கரத்தின் பின்னால் கையை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அப்படியே குனிந்து வாந்தி எடுத்தார். ஏறி உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பாமல் மெதுவாகச் சொன்னார்.

"விரலப் புடிச்சிச்சும்மா."

"எது?"

"சின்னக் கை."

என் வீட்டுக்காரர் அது காதில் விழாதவர் போல் கியரைப் போட்டார். வண்டிக்குள் நாற்றம் தாங்கவில்லை. கெட்ட முட்டை, நனைந்த கம்பளி, ஆறிய கொழுப்பு. வாயை மூடிக்கொண்டால் நாக்கில் ருசியாகத் தெரிந்தது. நான் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டேன். இளமதி மட்டும் அதை ஆழமாக இழுத்து மூச்சுவிட்டாள்.

"அக்கா, வண்டிய நிறுத்தச் சொல்லு. சக்கரத்துக்குக் கீய கொழந்த அழுவுது."

"அதெல்லாம் இல்லடி. நீ கண்ண மூடிக்கினு இரு."

"குளுருதுன்னு அழுவுது."

மதகுக்கு முன்னால் பாதை சரிவாக இறங்கும். ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் பள்ளம். அங்கே ஒருமுறை நின்றுவிட்டால் எந்தச் சங்கிலி போட்டும் வண்டி எழும்பாது. அங்கேதான் பார்த்தேன். கண்ணாடியில் வைப்பர் மழையைத் தள்ளிய ஒரு நொடியில் தெளிவாகத் தெரிந்தது.

பாதை நடுவில் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

நாலைந்து வயசுப் பிள்ளை குந்தியிருக்கிற உயரம். தலையில் கம்பளிக் குல்லா. முகம் எங்கள் பக்கம் இருந்தது, ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஏணி போட்ட மாதிரி குறுக்குக் குறுக்காகத் தழும்பு.

அவர் கால் பிரேக்குக்குப் போனது.

என் மடியில் இளமதி வலியில் வில்லாக வளைந்தாள். பனிக்குடம் உடைந்து என் புடவையெல்லாம் நனைந்தது. ஐஸ் தண்ணீர் மாதிரி இருந்தது.

"நிறுத்தாதீங்க," என்றேன்.

"கல்பனா, அங்க புள்ள..."

"நம்ம புள்ள இங்க கீது. நிறுத்தாதீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். எதன் மேலும் ஏறியதாக வண்டி குலுங்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. சங்கிலியின் சலக் சலக்கும் நின்றுபோய், டயருக்கு அடியில் மெத்தென்று ஓடியது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

இளமதியின் உடம்பு தளர்ந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அழுவுறத நிறுத்திடுச்சிக்கா."

தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். தார் ரோட்டில் சங்கிலியோடு ஓட்டக்கூடாது என்று அவரும் அண்ணனும் கழற்ற உட்கார்ந்தார்கள். கொக்கியைத் தொட்டதுமே கழன்று விழுந்தது. அண்ணன் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் இல்லை, கொழுப்பு இல்லை, சேறுகூட ஒட்டவில்லை. கடையிலிருந்து எடுத்த புதுச் சங்கிலி போலப் பளபளத்தது. நான் கிட்டே போய் முகர்ந்தேன். வெறும் இரும்பு வாசனை.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு ஓடிப்போய் ஆம்புலன்சில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

நாற்றம் உள்ளே இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆண் பிள்ளை, நல்ல எடை. இரண்டு உயிரும் தப்பியது உங்கள் அதிர்ஷ்டம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது என்றார் டாக்டரம்மா. நர்ஸ் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். ஜில்லென்று இருந்தான். மூடியிருந்த கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு நூல்.

"துணி நூல்தாங்க. எல்லாக் கொழந்தைங்க கைலயும் இருக்கும்," என்றார் நர்ஸ். அவர் சுற்றியிருந்த துணி வெள்ளை.

பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்து பார்க்காத பெண்பிள்ளை உண்டா? நானும் குனிந்தேன். குனிந்த வேகத்தில் நிமிர்ந்து, வெளியே ஓடி, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டேன். எதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சேற்றைக் கடந்து வந்தேனோ, அந்தப் பிள்ளையைப் பார்த்து எனக்குக் குமட்டுகிறது. இதை யாரிடம் சொல்வேன்? வசந்த்குமார் வந்து முத்தமாகக் கொடுத்தார். வாசனையாக இருக்கிறான் என்றார். என் வீட்டுக்காரர் மட்டும் எட்ட நின்று பார்த்துவிட்டு, வண்டியைப் பார்க்கிறேன் என்று போய்விட்டார். சங்கிலியை அன்றைக்கே அவரும் அண்ணனும் ஏரியில் போட்டுவிட்டார்கள்.

இப்போது பிள்ளை வீட்டில்தான் இருக்கிறான். அழுவதே இல்லை. நல்லபடியாகப் பால் குடிக்கிறான். அவனைத் தூக்கச் சொன்னால், கையில் மாவு, கையில் எண்ணெய் என்று நான் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். இளமதிக்கு என் மேல் வருத்தம்.

"உம்மூக்கு மேல இடி விழ, அக்கா. எம்புள்ள இன்னா பண்ணான் உன்ன?"

மழை விட்டுவிட்டது. நேற்று நல்ல வெயில். நடுவீட்டு உத்தரத்தில் புடவைத் தூளி கட்டி அவனைப் போட்டுவிட்டு, இளமதி குளிக்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. தெரிந்த சத்தம்தான். கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

தூளியின் அடி நனைந்திருந்தது. மூத்திரமாக இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே கிட்டே போய்க் கையை நீட்டினேன்.

பனிக்கட்டியைத் தொட்ட மாதிரி விரல் மரத்துப்போனது.

ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கீழே கறுப்பி படுத்துக்கொண்டு, விழ விழ நக்கிக்கொண்டிருந்தது.